ஃபயர்வாலில் கமாண்ட் இன்ஜெக்‌ஷன்: பேட்ச் போட்டால் போதுமா, பெட்டியையே சந்தேகப்படணுமா?

எடைமேடை_நெட் கேட்டது:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆபீஸ், ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸ். மூணு இடத்திலும் ஒரே கம்பெனியின் ஃபயர்வால் பெட்டி. பிராண்டு பெயர் வேண்டாம், பதில் எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்.

அமைப்பு இதுதான். ஆபீஸுக்கும் ஆலைக்கும் ஸ்டாட்டிக் ஐபி உண்டு. ஏற்காட்டில் சாதாரண ஃபைபர், ஐபி மாறிக்கிட்டே இருக்கும். பெட்டியின் வான் போர்ட்டில் (இன்டர்நெட் வர்ற பக்கம்) 100.72 என்று தொடங்கும் ஐபி காட்டுது. மூணையும் ஐபிசெக் டனல் (இன்டர்நெட் வழியா போற மறைகுறி இணைப்பு) இணைக்குது. டேலி சர்வர் ஆபீஸில் இருக்கு. ஆலை எடைமேடை கம்ப்யூட்டர் டனல் வழியா அதில்தான் எழுதுது. இது போக 12 பேர் வீட்டிலிருந்து எஸ்எஸ்எல் விபிஎன் வழியா வர்றாங்க.

ஃபயர்வால் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்திருக்கு. "லாகின் தேவைப்படாத கமாண்ட் இன்ஜெக்‌ஷன், மதிப்பெண் 9.8" என்று போட்டிருக்கு. டீலர் சொல்றது: "அட்மின் பாஸ்வேர்டு பலமா இருக்கு, ஒண்ணும் ஆகாது. ஏஎம்சி புதுப்பிச்சதும் ஃபர்ம்வேர் போட்டுக்கலாம்." ஏற்காட்டுப் பெட்டிக்குத்தான் லைசென்ஸ் முடிஞ்சு கிடக்கு.

கேட்க வேண்டியது மூணு. பாஸ்வேர்டு பலமா இருந்தா நிஜமாவே ஒண்ணும் ஆகாதா? பேட்ச் போட்டா வேலை முடிஞ்சதா? ஏற்கெனவே யாராவது உள்ளே வந்திருந்தா எப்படித் தெரிஞ்சுக்கிறது? இப்போ கிழங்கு சீசன். பகலில் லாரி வரிசை கட்டி நிற்கும், எடைமேடையை நிறுத்த முடியாது. ராத்திரி 11 மணியிலிருந்து காலை 4 வரைதான் கைவைக்க முடியும்.

---

அரைப்புள்ளி எழுதியது:

பாஸ்வேர்டுக்கும் இந்த ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை. டீலர் பூட்டைப் பற்றிப் பேசுகிறார், ஓட்டை இருப்பது சுவரில்.

பெட்டிமேல் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ் அல்லது பிஎஸ்டி. அதன்மேல் ஒரு வெப் சர்வர், விபிஎன் சர்வீஸ், ஏகப்பட்ட சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள். அட்மின் பக்கத்தில் பிங் செய்து பார்க்கும் பெட்டி ஒன்று இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 8.8.8.8 என்று தட்டினால் உள்ளே "பிங் -சி 4 8.8.8.8" என்று ஒரு வரி உருவாகி ஷெல்லிடம் (கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) போகிறது. யாராவது 8.8.8.8;ரீபூட் என்று தட்டினால்? ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் "அது முடிந்தது, அடுத்த கட்டளை". பிங் முடிந்ததும் பெட்டி ரீபூட் ஆகும். | & ` $ புதுவரி எல்லாமே இதே வேலையைச் செய்யக்கூடியவை. ஐபி முகவரி என்று புரோகிராமர் நினைத்த எழுத்துகளை ஷெல் கட்டளை என்று படித்துவிடுகிறது. வெப் சர்வர் ரூட் (பெட்டியின் முழு) உரிமையில் ஓடினால், வந்தவருக்கும் ரூட் கிடைத்துவிடும்.

பிங் பக்கத்துக்கு லாகின் வேண்டும் என்பதால்தான் "பாஸ்வேர்டு பலம்" என்ற பேச்சு வருகிறது. ஆனால் லாகின் ஆவதற்கு முன்பே பெட்டி வாங்கிப் படிக்கும் விஷயங்கள் ஏராளம். பெரிய சம்பவங்கள் நடந்ததெல்லாம் அங்கேதான்.

2023-இல் ஸைக்சல் ஃபயர்வால்களில் வந்த சிவிஇ-2023-28771 (சிவிஇ என்பது தெரிந்த ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்). நுழைவாயில் யுடிபி 500, அதாவது விபிஎன் பேச்சுவார்த்தை தொடங்கும் ஐகேஇ பாக்கெட். பிழைச் செய்தியைக் கையாளும் இடத்தில் தவறு. விபிஎன் அமைத்திருக்கவே வேண்டாம், பெட்டி அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். ஏப்ரல் கடைசியில் பேட்ச் வந்தது. மே மாதத்துக்குள் மிராய் வகை பாட்நெட்டுகள் (கைப்பற்றிய கருவிகளைச் சேர்த்த படைகள்) மொத்தமாகப் புகுந்துவிட்டன.

அதே வருஷம் பாராகூடா மின்னஞ்சல் பாதுகாப்புப் பெட்டியில் சிவிஇ-2023-2868. மெயிலோடு வரும் டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை) திறந்து வைரஸ் பார்ப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. டாருக்குள் இருக்கும் கோப்பின் பெயரை அப்படியே பெர்ல் நிரல் வழியாக ஷெல்லுக்குக் கொடுத்தார்கள். கட்டளையைக் கோப்பின் பெயராக வைத்து ஒரு மெயில் அனுப்பினால் போதும். யாரும் அந்த மெயிலைத் திறக்கக்கூட வேண்டியதில்லை, பெட்டி தானே திறந்துகொள்ளும். 2022 அக்டோபரிலிருந்தே பயன்பட்டது, 2023 மே மாதம்தான் வெளியே தெரிந்தது.

எனக்கு மிகவும் பாடமாகப் படுவது 2024 ஏப்ரலில் வந்த பாலோ ஆல்டோ சம்பவம், சிவிஇ-2024-3400, மதிப்பெண் பத்துக்குப் பத்து. இதில் இரண்டு சின்னத் தவறுகள் கைகோத்தன. விபிஎன் போர்ட்டலுக்கு வரும் குக்கியில் செஷன் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பெட்டி ஒரு கோப்பை உருவாக்கும். எண் ஒழுங்கான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதனால் வேண்டிய ஃபோல்டரில், வேண்டிய பெயரில் காலிக் கோப்பு ஒன்றை வைக்க முடிந்தது. காலிக் கோப்பால் என்ன ஆபத்து என்றுதான் தோன்றும். ஆனால் டெலிமெட்ரியை (பெட்டியின் பயன்பாட்டுத் தகவலை) கம்பெனிக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, அந்த ஃபோல்டரில் இருக்கும் கோப்புப் பெயர்களை ஷெல் கட்டளைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தது. பெயரே கட்டளை. விதைத்தது ஒரு நேரம், முளைத்தது வேறு நேரம். வெப் லாகை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் தொடர்பே தெரியாது.

லாகின் தேவைப்படும் வகையையும் லேசாக எண்ண வேண்டாம். 2024 ஜனவரியில் இவாண்டி விபிஎன் பெட்டிகளில் 21887 என்ற கமாண்ட் இன்ஜெக்‌ஷனுக்கு அட்மின் உரிமை வேண்டும்தான். ஆனால் 46805 என்ற இன்னொரு ஓட்டை லாகினையே தாண்ட விட்டது. இரண்டும் சேர்ந்தபோது யாருக்கும் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பாலோ ஆல்டோவின் 0012, 9474 ஜோடியும் இப்படித்தான். 9474-க்குத் தனியே கொடுத்த மதிப்பெண் 6.9 மட்டும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து "நடுத்தரம், அடுத்த மாதம் போடலாம்" என்று தள்ளினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கோட் எழுதுபவர்களுக்கு ஒரு பத்தி. சிறப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்து இதை அடைக்க முடியாது. பட்டியலில் எப்போதும் ஒன்று விட்டுப்போகும். இடைவெளியைத் தடுத்தால் ஐஎஃப்எஸ் மாறியை வைத்து வருவார்கள். ஷெல்லையே கூப்பிடாதீர்கள். பைத்தானில் சப்பிராசஸுக்கு ஷெல் உண்மை என்று கொடுக்காமல், கட்டளையையும் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனி உறுப்பாகப் பட்டியலில் கொடுங்கள். ஐபி என்றால் ஐபி என்று பார்ஸ் செய்து, அந்த எண்ணிலிருந்து திரும்ப எழுதிய சரத்தைத்தான் பயன்படுத்துங்கள். அதோடும் முடியவில்லை: மதிப்பு - என்ற குறியில் தொடங்கினால் ஷெல் இல்லாமலே அது ஒரு ஆப்ஷனாக மாறும். டாருக்கும் கர்லுக்கும் ஆபத்தான ஆப்ஷன்கள் நிறைய. மதிப்புக்கு முன்னால் -- போட்டு "இதற்குமேல் ஆப்ஷன் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸாவும் எஃப்பிஐயும் 2024 ஜூலையில், இந்த வகையை மொத்தமாக ஒழிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்குத் தனியாக எச்சரிக்கையே வெளியிட்டன. புதிய வகைப் பிழை இல்லை இது. பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான்.

---

ஐந்துரோடு_அட்மின் எழுதியது:

மேலே சொன்னது காரணம். இன்னைக்கே செய்ய வேண்டியதை நான் சொல்றேன்.

முதல்ல வெளியிலிருந்து உங்க பெட்டி எப்படித் தெரியுதுன்னு பாருங்க. ஆபீஸ் வைஃபையில் இருந்துகிட்டு ஸ்கேன் பண்ணாதீங்க, உள்ளே இருந்து பார்த்தா எல்லாம் வேற மாதிரி தெரியும். போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைச்சு, உங்க ஸ்டாட்டிக் ஐபி ரெண்டையும் என்மேப்பில் (திறந்த போர்ட்டைத் தேடுற கருவி) 65,535 டிசிபி போர்ட்டும் ஓட்டுங்க. முக்கியமா 22, 443, 4443, 8443, 10443. உங்க சொந்த ஐபியைத்தான் ஸ்கேன் பண்றீங்க, அப்படியும் முதலாளிகிட்ட ஒரு வரி எழுத்தில் வாங்கி வெச்சுக்கோங்க.

யுடிபி 500, 4500 ரெண்டையும் தனியா பார்க்கணும். யுடிபியில் பதில் வரலைன்னா மூடியிருக்குன்னு அர்த்தமில்லை. "திறந்திருக்கலாம், தடுத்திருக்கலாம்" என்றுதான் என்மேப் சொல்லும். ஐக்-ஸ்கேன் என்ற கருவி நிஜ ஐகேஇ பாக்கெட்டை அனுப்பிப் பார்க்கும், அதுக்குப் பதில் வந்தா சந்தேகமே வேண்டாம்.

அட்மின் பக்கம் இன்டர்நெட்டில் தெரிஞ்சா, பேட்சுக்குக் காத்திருக்காம இப்பவே மூடுங்க. இது ட்ராஃபிக்கைத் தொடாது, பகலிலேயே செய்யலாம், லாரி நிற்காது. வான் போர்ட்டில் எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் நிர்வாக அனுமதி ரெண்டையும் எடுத்துட்டு, உள்ளே தனி விலானில் (பிரிச்சு வெச்ச உள் நெட்வொர்க்) ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் திறக்கிற மாதிரி வைங்க. எடைமேடை கம்ப்யூட்டரிலிருந்தோ, சிசிடிவி இருக்கிற விலானிலிருந்தோ அட்மின் பக்கம் திறக்கக் கூடாது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போனா அடுத்த படி இந்தப் பெட்டிதான்.

இப்போ யுடிபி 500, 4500. ஆபீஸும் ஆலையும் ஸ்டாட்டிக் ஐபி. ஒண்ணுக்கொண்ணு அந்த ஐபியிலிருந்து மட்டும் வாங்கிக்கிற மாதிரி பூட்டுங்க. ஒரு எச்சரிக்கை: சாதாரண பாலிசி பக்கத்தில் போடுற விதி, பெட்டியைத் தாண்டிப் போற ட்ராஃபிக்குக்குத்தான். பெட்டிக்கே வர்ற ட்ராஃபிக்குக்குப் பல பிராண்டில் தனி இடம் இருக்கு, லோக்கல்-இன் பாலிசின்னு ஒரு பிராண்டில் பேரு. தப்பான இடத்தில் விதி போட்டுட்டு பூட்டியாச்சுன்னு நம்பறவங்கதான் அதிகம். போட்டதும் ஹாட்ஸ்பாட்டிலிருந்து மறுபடி ஐக்-ஸ்கேன் ஓட்டி, பதில் நின்னுதான்னு பாருங்க.

ஏற்காடு கதை வேற. 100.64 முதல் 100.127 வரைக்கும் உள்ள ஐபி சிஜிநாட்டுக்குன்னு (ஒரு பொது ஐபியைப் பல வாடிக்கையாளர் பகிர்ற முறை) ஒதுக்கினது. உங்க 100.72 அதுக்குள்ள வருது. வெளியிலிருந்து அந்தப் பெட்டிக்கு நேரா ஐபிவி4-இல் வர முடியாது, கொஞ்சம் நிம்மதி. ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. ஃபைபர்காரங்க ஐபிவி6 கொடுத்திருந்தா அது பொது முகவரி, அதில் அட்மின் பக்கம் திறந்திருக்கலாம்; ஐபிவி4-க்கு மட்டும் விதி போட்டுட்டு இதை மறந்துடறது ரொம்ப சகஜம். ரெண்டாவது, ஏற்காட்டு ஐபி மாறுறதால ஆபீஸ் பெட்டி யாரு பேசினாலும் யுடிபி 500-இல் கேட்டாகணும். கொஞ்சம் வாடகை கூடக் கொடுத்து ஏற்காட்டுக்கு ஒரு ஸ்டாட்டிக் ஐபி வாங்குறதுதான் சுத்தமான வழி.

இன்னொண்ணு. மாறும் ஐபிக்காக டனலை அக்ரெஸிவ் மோடில் அமைச்சிருக்காங்களான்னு பாருங்க. ஐகேஇ முதல் பதிப்பில் அந்த மோடு, ப்ரீ-ஷேர்டு கீயிலிருந்து (ரெண்டு பெட்டியிலும் போட்டு வெச்ச பொது ரகசியம்) கணக்கிட்ட ஹாஷை கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துடும். அதை வீட்டில் வெச்சு நிதானமா உடைக்கலாம். கீ "சேலம்123" மாதிரி இருந்தா ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஐகேஇ ரெண்டாம் பதிப்புக்கு மாத்தி, 32 எழுத்துக்குக் குறையாம ரேண்டமா ஒரு கீ போடுங்க.

---

எடைமேடை_நெட்:

ஸ்கேன் பண்ணினேன். ஆலை பெட்டியில் 10443 (எஸ்எஸ்எல் விபிஎன்), அது போக 4443-இல் அட்மின் பக்கமே திறந்து கிடந்தது. மூடிட்டேன். ஆபீஸில் 10443 மட்டும்.

ஏற்காட்டு டனல் அக்ரெஸிவ் மோடுதான்.

12 பேர் வர்ற எஸ்எஸ்எல் விபிஎன்னை என்ன செய்றது? ஓடிபி போட்டிருக்கோம், அது காப்பாத்துமா? அறிவிப்பில் "தற்காலிக வழி: ஐபிஎஸ் கையொப்பம் போடவும்" என்றும் இருக்கு. அதை மட்டும் போட்டுட்டு சீசன் முடிஞ்சு பேட்ச் போடலாமா?

---

அரைப்புள்ளி:

ஓடிபி பாஸ்வேர்டு திருட்டுக்கு மருந்து. லாகினுக்கு முன்பே குக்கியைப் படிக்கும் இடத்தில் இருக்கும் ஓட்டைக்கு அது கேள்வியே கேட்காது. நாட்டு வாரியான தடையும் அப்படித்தான். மும்பையில் ஒரு வாடகை சர்வர் எடுத்துக்கொண்டு வந்தால் உங்கள் பெட்டிக்கு அவர் உள்ளூர்க்காரர்.

அறிவிப்பில் எந்தப் பகுதி பாதிப்பு என்று பாருங்கள். எஸ்எஸ்எல் விபிஎன் என்றால் பேட்ச் போடும்வரை அதை அணைத்துவிடுவதுதான் நேர்மையான பதில். 12 பேர் நாலு நாள் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து உட்காரட்டும்.

ஐபிஎஸ் கையொப்பம் (தாக்குதல் பாக்கெட்டை அடையாளம் கண்டு தடுக்கும் விதி) பற்றி இரண்டு சிக்கல். பல பிராண்டில் பெட்டிக்கே வரும் ட்ராஃபிக்கை அதே பெட்டியின் ஐபிஎஸ் தானாகப் பார்க்காது. மேலே சொன்ன பாலோ ஆல்டோ 3400 சம்பவத்திலும் கையொப்பத்தை போர்ட்டல் இருக்கும் இன்டர்ஃபேஸில் தனியாகப் பொருத்த வேண்டியிருந்தது. கையொப்பம் டவுன்லோடு ஆனதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு. இரண்டாவது, தற்காலிக வழி மாறும். அதே சம்பவத்தில் "டெலிமெட்ரியை அணைத்தால் போதும்" என்று முதலில் சொன்னார்கள். சில நாளிலேயே அது பலிக்காது என்று திருத்திவிட்டார்கள். அறிவிப்புப் பக்கத்தை ஒருமுறை படித்து மூடாமல், பேட்ச் போடும்வரை தினமும் திறந்து பாருங்கள்.

சீசன் முடியும்வரை என்பதற்கெல்லாம் இடமில்லை. ராத்திரி ஐந்து மணி நேரம் தாராளம்.

---

பதிவேடு எழுதியது:

ஒரு நிமிஷம். பேட்ச் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஃபர்ம்வேர் மாற்றினால் பெட்டி ரீபூட் ஆகும். நினைவகத்தில் மட்டும் இருந்தது போய்விடும், தற்காலிக ஃபோல்டர்கள் காலியாகும், சில பிராண்டில் பழைய லாகும் புதிய டிஸ்க் பகுதிக்கு வராது. உள்ளே யாராவது வந்திருந்தார்களா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாமல் போகும். அதனால் முதல் வேலை தடயம் எடுப்பது: டெக் சப்போர்ட் கோப்பு, முழு கான்ஃபிக், எல்லா லாகும், ஓடும் இணைப்புகளின் பட்டியல், அட்மின் கணக்குகளின் பட்டியல். விர்ச்சுவல் பெட்டி என்றால் மெமரியோடு ஸ்னாப்ஷாட். எடுத்த கோப்புகளுக்கு ஷா-256 (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை எண்) கணக்கிட்டுத் தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் ஆகும்.

பிறகு தேட வேண்டியவை. பெட்டியே தொடங்கிய வெளி இணைப்புகள்தான் முதலில். ஃபயர்வால் தானாக வெளியே பேச வேண்டிய இடங்கள் கைவிரலில் அடங்கும்: டிஎன்எஸ், நேரம் சரிபார்க்கும் என்டிபி, அப்டேட் சர்வர், லைசென்ஸ் சர்வர், சிஸ்லாக் (லாகை அனுப்பிச் சேமிக்கும் முறை) சர்வர். இதற்கு வெளியே, பெயரில்லாத வெறும் ஐபிக்கு, அதுவும் 80, 8080 போன்ற போர்ட்டில் போயிருந்தால் நெற்றியைச் சுருக்குங்கள். உள்ளே புகுந்தவர் முதலில் செய்வது வெளியிலிருந்து அடுத்த கருவியை இழுப்பது. கர்ல், டபிள்யூகெட் இரண்டும் பெட்டியிலேயே இருக்கும்.

அடுத்தது, ஆலை பெட்டியிலிருந்து டேலி சர்வருக்குப் போன லாகின் முயற்சிகள். ஃபயர்வாலின் ஐபியிலிருந்து விண்டோஸ் சர்வருக்கு ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்), எஸ்எம்பி (கோப்புப் பகிர்வு) போக எந்த நியாயமும் இல்லை. சர்வரின் செக்யூரிட்டி லாகில் 4624 (வெற்றியான லாகின்), 4625 (தோற்ற லாகின்) நிகழ்வுகளை மூல ஐபி வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

கான்ஃபிக்கை, அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்பு எடுத்த பேக்கப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். புதிய அட்மின், புதிய விபிஎன் பயனர், எல்லாருக்கும் திறந்த விதி, மாற்றிய டிஎன்எஸ். லாகில் காரணமில்லாத இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். ராத்திரி 2.10-லிருந்து 2.40 வரை ஒரு வரிகூட இல்லை, பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது என்றால், இல்லாத அந்த வரிகளே ஒரு தடயம்.

தயாரிப்பாளர் கொடுக்கும் தேடல் வரி இருந்தால் அதை அப்படியே ஓட்டுங்கள். 3400-க்கு "ஃபெயில்ட் டு அன்மார்ஷல் செஷன்" என்று ஜிபிஎஸ்விசி லாகில் தேடச் சொன்னார்கள். அடைப்புக்குறிக்குள் வழக்கமான 8-4-4-4-12 வடிவ எண் இருந்தால் சாதாரணப் பிழை. சாய்கோடும் ஃபோல்டர் பெயரும் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் லாகை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கு அதே சம்பவமே சாட்சி. அங்கே வைத்த பின்வாசல் நிரலுக்குக் கட்டளை போன வழி வேடிக்கையானது: இல்லாத பக்கம் ஒன்றைக் கேட்பார்கள், அது வெப் சர்வரின் பிழை லாகில் பதிவாகும், நிரல் அந்த லாகைப் படித்து அதில் ஒளிந்திருக்கும் கட்டளையை ஓட்டும், விடையைப் போர்ட்டலின் சிஎஸ்எஸ் (பக்க அலங்கார) கோப்பின் கடைசியில் எழுதும். வெளியே இருப்பவர் அந்தக் கோப்பைச் சாதாரணப் பார்வையாளர்போல எடுத்துக்கொள்வார். 15 விநாடியில் சிஎஸ்எஸ் பழையபடி ஆகிவிடும், லாகிலிருந்து கட்டளை வரியும் அழிந்துவிடும். மறுநாள் காலையில் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

அதனால் சிஸ்லாக்கை வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்புங்கள். கணக்கு பெரிதில்லை: மூன்று பெட்டிக்கும் சேர்த்து விநாடிக்கு 20 வரி, வரிக்கு 400 பைட் என்றால் நாளைக்கு சுமார் 690 எம்பி, 180 நாளைக்கு 125 ஜிபிக்குள். பழைய டெஸ்க்டாப், ஒரு 500 ஜிபி டிஸ்க் போதும். 180 நாள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு அத்தனை நாள் லாக் வைக்கச் சொல்கிறது. சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. பெட்டிகளின் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஆலை பெட்டி ஏழு நிமிஷம் முன்னால் ஓடினால் மூன்று இடத்து லாகையும் கோத்துப் பார்ப்பது நரகம்.

---

கொண்டைஊசி20 எழுதியது:

ஏற்காட்டுப் பெட்டிக்கு எப்படிப் பேட்ச் போடறதுன்னு யாரும் பேசலையே. அதை நான் எடுத்துக்கிறேன்.

வரிசை: ஆலை முதல்ல, ஏன்னா அதுதான் அட்மின் பக்கத்தோட வெளியே தெரிஞ்சுகிட்டு இருந்தது. அப்புறம் ஆபீஸ். கடைசியா ஏற்காடு. மூணையும் ஒரே ராத்திரியில் முடிக்கணும்னு வேண்டாம், பெட்டிக்கு ஒரு மணி நேரம் தாராளமா வைங்க. பழைய பதிப்பிலிருந்து நேரா கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது. நடுவில் எந்தெந்தப் பதிப்பு ஏறணும்னு கம்பெனி பக்கத்தில் பாதை போட்டிருக்கும். ரெண்டு படி விட்டுத் தாவினா பெட்டி எழுந்துக்கும், ஆனா விபிஎன் கான்ஃபிக் பாதி காணாம போயிருக்கும். ஃபர்ம்வேரைக் கம்பெனி தளத்திலிருந்து மட்டும் எடுங்க, ஷா-256 ஒப்பிடுங்க. டெலிகிராமில் "லைசென்ஸ் இல்லாம ஃபர்ம்வேர்" சுத்துறதைப் போட்டா, திருடனைத் தடுக்கத் திருடன்கிட்டயே பூட்டு வாங்கின மாதிரி.

ஏற்காட்டுக்கு ராத்திரி ரிமோட்டா மட்டும் செய்யாதீங்க. டனல் வழியாவே அந்தப் பெட்டியை அப்டேட் பண்ணி, டனல் திரும்ப எழலைன்னா, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் கன்சோல் கேபிளைச் சொருகணும். மழை, மின்வெட்டு வேற. ஃபர்ம்வேர் எழுதுற நேரத்தில் கரண்ட் போனா பெட்டி செங்கல். பகலில், மழை இல்லாத காலையில், எஸ்டேட் ஆபீஸில் ஒருத்தர் உட்கார்ந்திருக்க, யுபிஎஸ் பேட்டரி நிஜமாவே இருபது நிமிஷம் தாங்குதான்னு பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துட்டு செய்யுங்க. ஃபர்ம்வேர் கோப்பை முன்னாடியே அங்கே ஒரு லேப்டாப்பில் இறக்கி வைங்க. எஸ்டேட்டில் எடைமேடை இல்லையே, பகலில் ஒரு மணி நேரம் நின்னா குடி முழுகாது.

லைசென்ஸ்: டீலரை விட்டுட்டு நேரா கம்பெனி ஆதரவு மையத்தில், பாதிப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்க. சிஸ்கோ மாதிரி சில கம்பெனிகள் பாதுகாப்பு அறிவிப்பு வந்த ஓட்டைக்கு ஒப்பந்தம் இல்லாதவங்களுக்கும் சரிசெய்த பதிப்பைக் கொடுக்கும். பெட்டியே ஆயுள் முடிஞ்ச மாடல்னா பேசிப் பயனில்லை, மாத்துங்க. ரெண்டு லேன் போர்ட் உள்ள சின்ன பிசியில் திறமூல ஃபயர்வால் போடலாம். அதிலும் ஓட்டை வராதுன்னு இல்லை, பிஎஃப்சென்ஸ் என்ற திறமூல ஃபயர்வாலின் பிஎஃப்பிளாக்கர் பேக்கேஜில் 2022-இல் லாகின் இல்லாத ஓட்டை வந்தது. ஆனா அப்டேட்டுக்கு யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்.

---

எடைமேடை_நெட்:

ஆலை பெட்டி லாக் பார்த்தேன். ராத்திரி 1.52-க்கு ஒரு வெளிநாட்டு ஐபிக்கு 8080-இல் பெட்டியே ஒரு இணைப்பு போட்டிருக்கு, 3 விநாடி. ஒரே ஒரு தடவை. கான்ஃபிக்கில் மாற்றம் ஒண்ணும் இல்லை. பேட்ச் போட்டுட்டு விட்டுடலாமா?

---

பதிவேடு:

கூடாது. பேட்ச் ஓட்டையை அடைக்கும், உள்ளே வந்தவரை வெளியே தள்ளாது. அந்த 3 விநாடியில் ஒரு கோப்பு உள்ளே வந்திருக்கலாம், கான்ஃபிக் வெளியே போயிருக்கலாம். கான்ஃபிக்கில் மாற்றம் இல்லை என்பது அதை யாரும் படிக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். தடயம் எடுத்தீர்களா? எடுத்தபின் ஆலை பெட்டியை வான் கேபிளைப் பிடுங்கித் தனிமைப்படுத்துங்கள், பவரை அணைக்காதீர்கள். எடைமேடை அன்றைக்கு லோக்கலாக எழுதட்டும், சீட்டுப் புத்தகம் இருக்கும்தானே. இது தெரிந்த நேரத்திலிருந்து செர்ட்-இன் 6 மணி நேரக் கடிகாரம் ஓடுகிறது, முதலாளியிடம் இப்போதே சொல்லுங்கள். கம்பெனிக்கு டெக் சப்போர்ட் கோப்பை அனுப்பி, ஊடுருவல் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

பிறகு ஃபேக்டரி ரீசெட், புதிய ஃபர்ம்வேர் புதிதாக எழுதுதல், கான்ஃபிக்கைப் பழைய பேக்கப்பிலிருந்து படித்துப் பார்த்து ஏற்றுதல். ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். இவாண்டி விஷயத்தில், ரீசெட்டைத் தாண்டியும் ரூட் அளவில் நிலைத்திருக்க முடிந்ததாக சிஸா தன் சோதனைக்கூடத்தில் கண்டதை 2024 பிப்ரவரியில் எழுதியது. நிஜக் களத்தில் அப்படி நடந்ததாக ஆதாரமில்லை என்று கம்பெனி சொன்னது. பாராகூடா ஒரு படி மேலே போய், பாதிப்பான பெட்டிகளைப் பேட்ச் நிலை எப்படியிருந்தாலும் மாற்றிவிடச் சொன்னது. கம்பெனி மாற்றித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றம் கடைசியில். முதலில் மாற்றினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் புதியதையும் எழுதிக்கொள்வார்.

---

ஐந்துரோடு_அட்மின்:

மாத்த வேண்டிய சாவிகள், எதையும் விடாதீங்க. லோக்கல் அட்மின், 12 பேரோட விபிஎன் பாஸ்வேர்டும் ஓடிபி விதையும், மூணு டனல் ப்ரீ-ஷேர்டு கீ, ஆக்டிவ் டைரக்டரியை (விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர் பட்டியல்) படிக்க ஃபயர்வாலில் போட்டிருக்கிற சர்வீஸ் கணக்கு, ரேடியஸ் ரகசியம், எஸ்என்எம்பி கம்யூனிட்டி, மெயில் அலர்ட் அனுப்ப வெச்சிருக்கிற மெயில் பாஸ்வேர்டு, டிடிஎன்எஸ் கணக்கு, எஸ்எஸ்எல் சான்றிதழின் பிரைவேட் கீ. கீயை அப்படியே வெச்சுகிட்டு சான்றிதழை மட்டும் புதுப்பிச்சா பயனில்லை. புது கீ உருவாக்கி, பழைய சான்றிதழை ரத்து பண்ணணும்.

அந்த சர்வீஸ் கணக்கு டொமைன் அட்மின் குரூப்பில் (விண்டோஸ் நெட்வொர்க் முழுக்க அதிகாரம் உள்ளது) இருக்கான்னு முதல்ல பாருங்க. அமைக்கிறப்போ "சீக்கிரம் வேலை செய்யட்டும்"னு நிறையப் பேர் அதில்தான் போட்டிருப்பாங்க. இருந்தா, இது ஃபயர்வால் பிரச்சினை இல்லை, டேலி சர்வரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பிரச்சினை.

---

எடைமேடை_நெட்:

டொமைன் அட்மின்லதான் இருக்கு. கேபிளைப் பிடுங்கிட்டேன், பவர் ஓடுது. முதலாளிகிட்ட பேசிட்டு செர்ட்-இன் படிவத்தை நிரப்பிட்டு இருக்கேன். டேலி சர்வர் லாக் எடுத்ததும் இங்கேயே போடறேன்.